போகிமான் ஷோடவுனில் முதல் தற்காப்பு டீம்: ஆறு இடங்களை நிரப்பும் வழி

இணையத்தில் போகிமான் சண்டை ஆடும் தளமான ஷோடவுனுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாக்கும் டீமோடுதான் தொடங்குகிறார்கள். வேகமாக ஓடும் ஆறு, பலமாக அடிக்கும் ஆறு, முதல் டர்னிலிருந்தே அடிதடி. சில ஆட்டங்கள் கைக்கு வரும். பிறகு ஒருநாள் எதிரே ஒருவர் வருவார். அவசரப்படாமல் ஆளை மாற்றி மாற்றி இறக்குவார். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு அடியும் அதைத் தாங்கக்கூடிய ஒருவர் மேல்தான் விழும். இருபது டர்ன் கழித்துப் பார்த்தால் உங்கள் பக்கம் இரண்டுபேர்தான் மிச்சம், அவர் பக்கம் ஐந்துபேர் நிற்பார்கள். அப்படி ஆடக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளின் விதிப்படி, அதாவது ஒன்பதாம் தலைமுறையில், ஸ்மோகன் என்ற ரசிகர் குழுவினர் வகுத்த ஓயூ (ஓவர்யூஸ்டு, அதாவது அதிகம் ஆடப்படும் போகிமான்களின்) பிரிவு. ஒருவருக்கு ஒருவர், ஆறுக்கு ஆறு. நின்டெண்டோ விளையாட்டுகளில் நடக்கும் அதிகாரபூர்வப் போட்டி இரட்டையர் ஆட்டம். அங்கே ஆறில் நான்கை எடுத்துப்போய் இரண்டிரண்டாக இறக்குவார்கள். இங்கே சொல்வது அங்கே அப்படியே பொருந்தாது. ஷோடவுன் 2011 முதல் இருக்கிறது. இலவசம். பிரவுசர் இருந்தால் போதும், கணக்கு திறந்து டீம் எழுதும் பக்கமான டீம்பில்டருக்குள் போய்விடலாம். போகிமானைப் பிடித்து வளர்க்க வேண்டியதில்லை. வேண்டியதை வேண்டிய அளவுகளோடு எழுதிக்கொள்ளலாம்.

தற்காப்பு என்றால் ஆறு தடியர்கள் இல்லை

நிறையப் பேர் செய்வது இதுதான்: எச்பி (உயிர்ப்புள்ளி) அதிகம் உள்ளவை, டிஃபென்ஸ் அதிகம் உள்ளவை என்று ஆறைப் பொறுக்கிப் போட்டுவிட்டு அதைத் தற்காப்பு டீம் என்பார்கள். கபடியில் ஏழுபேரும் பிடிக்கிறவர்களாக இருந்து பாடிப்போக ஒருவரும் இல்லாவிட்டால் எப்படியோ, அப்படித்தான் அது. தோற்காமல் கொஞ்சநேரம் நிற்கலாம், ஜெயிக்க வழி இருக்காது.

முழுக்க முழுக்கத் தாங்கியே எதிராளியைச் சோர வைக்கும் பாணிக்கு ஸ்டால் என்று பெயர். அது ஒரு தனிக் கலை, ஆனால் முதல் டீமாக எடுக்க வேண்டாம். ஒரு தப்பு ஸ்விட்ச் (ஆள் மாற்றம்) செய்தால் முழுச் சுவரும் சரியும், ஒரு ஆட்டம் நூறு டர்னைத் தாண்டிப் போகும். இந்த வழிகாட்டியில் நாம் கட்டப்போவது பேலன்ஸ். நான்குபேர் தாங்குவார்கள், இரண்டுபேர் முடிப்பார்கள். தாங்குகிற நான்குபேரும் சும்மா நிற்க மாட்டார்கள், ஆளுக்கொரு வேலை இருக்கும்.

டீம் அமைக்கும்போது கையில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: எதிரே இது வந்து அடித்தால், என் பக்கத்தில் யார் உள்ளே போவார்? ஒரு தடவை போனால் போதாது. ஆட்டம் முழுக்க மூன்று தடவை, நான்கு தடவை போக முடியுமா? இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் ஆளிலிருந்து சங்கிலி கட்டுவது

ஒருவரில் தொடங்குங்கள். நான் கார்விநைட்டில் தொடங்குகிறேன். ஸ்டீல், ஃப்ளையிங் டைப். எந்த அடி அதிகம் படும், எது குறைவாகப் படும் என்பதை இந்த டைப்தான் தீர்மானிக்கும். கிரவுண்டும் பாய்சனும் அதை ஒன்றும் செய்யாது. நார்மல், சைக்கிக், டிராகன், ஃபேரி, ஸ்டீல், ஃப்ளையிங் எல்லாம் பாதி அளவில்தான் விழும், கிராஸும் பக்கும் கால்வாசிதான். ஓயூவில் எங்கு திரும்பினாலும் கிரேட் டஸ்க் இருக்கும். அதன் நிலநடுக்க அடிகளுக்கு முன்னால் பயமில்லாமல் போய் நிற்கக்கூடியது கார்விநைட். அதன் பலவீனம் இரண்டே: ஃபயர், எலக்ட்ரிக்.

அடுத்து கலார் ஸ்லோகிங். பாய்சன், சைக்கிக். ஃபைட்டிங் அடி கால்வாசிதான் படும். ஃபேரி, கிராஸ், பாய்சன் பாதி. அடிகளில் இரண்டு வகை உண்டு: டிஃபென்ஸ் தாங்கும் பிசிக்கல், ஸ்பெஷல் டிஃபென்ஸ் தாங்கும் ஸ்பெஷல். இது ஸ்பெஷல் தாக்குதலைத் தாங்குவதற்கென்றே பிறந்தது. பலவீனம் கிரவுண்ட், கோஸ்ட், டார்க். கிரவுண்டுக்குக் கார்விநைட் இருக்கிறது. கோஸ்டும் டார்க்கும் மிச்சம்.

அந்த மிச்சத்துக்கு டிங்-லூ. டார்க், கிரவுண்ட். கோஸ்ட், டார்க் இரண்டையும் பாதியாக வாங்கும். எலக்ட்ரிக் அதைத் தொடாது, ஆகவே கார்விநைட்டின் ஒரு பலவீனமும் இங்கேயே அடைபடுகிறது. சைக்கிக்கும் தொடாது. அதன் எபிலிட்டி (இயல்பான தனித்திறன்) எதிரே நிற்பவரின் ஸ்பெஷல் அட்டாக்கை நான்கில் ஒரு பங்கு குறைக்கும். 155 என்ற அடிப்படை எச்பியோடு இதுவும் சேரும்போது, பலவீனத்தில் விழும் சூப்பர் எஃபெக்டிவ் அடியைக்கூட ஒரு தடவை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும். பலவீனங்கள் ஆறு: வாட்டர், கிராஸ், ஐஸ், ஃபைட்டிங், பக், ஃபேரி. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஃபைட்டிங், ஃபேரி, கிராஸ் மூன்றுக்கும் ஸ்லோகிங் இருக்கிறது. பக்குக்குக் கார்விநைட்.

இப்போது யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்பவை எவை என்று எண்ணுங்கள். வாட்டர், ஐஸ், ஃபயர். இந்த மூன்றையும் பாதியாக வாங்குகிற டைப் ஒன்று உண்டு, அது வாட்டர்தான். அதனால் நான்காவது இடம் டொண்டோசோவுக்கு. அதன் பலவீனங்களான கிராஸும் எலக்ட்ரிக்கும் ஏற்கெனவே மற்ற மூவரிடம் அடங்கிவிட்டன.

கவனியுங்கள், நாம் ஒவ்வொருவரையும் "நல்ல போகிமான்" என்பதற்காகச் சேர்க்கவில்லை. முந்தையவர் விட்ட ஓட்டையை அடைப்பவராகச் சேர்த்தோம். உங்களுக்குப் பிடித்த வேறொன்றிலிருந்து தொடங்கினாலும் இதே முறைதான். ஒரு தாளில் பதினெட்டு டைப்பையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே யார் வாங்குவார் என்று பெயர் எழுதுங்கள். ஒரு வரி காலியாக இருந்தால் அடுத்த ஆள் அங்கிருந்துதான் வரவேண்டும்.

டொண்டோசோவுக்கு இன்னொரு சிறப்பு, அன்அவேர் என்ற எபிலிட்டி. எதிராளி எத்தனை தடவை ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆடி அட்டாக்கை ஏற்றிக்கொண்டாலும், டொண்டோசோ மேல் விழும்போது ஏற்றம் எதுவும் இல்லாததுபோலத்தான் கணக்காகும். ஏற்றிக்கொண்டு ஒரே ஓட்டத்தில் டீமையே அழிக்கிற பிசிக்கல் தாக்குதல்காரர்களுக்கு இது ஒரு பூட்டு. ஆனால் அதன் ஸ்பெஷல் டிஃபென்ஸ் வெறும் 65. ஸ்பெஷலாக அடிப்பவர்கள் முன்னால் டைப் சாதகம் இருந்தால் ஒழிய நிறுத்தாதீர்கள். அங்கே ஸ்லோகிங்கும் டிங்-லூவும்தான் முன் நிற்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் திராணி

டைப் கணக்கு சரியாக இருந்தும் டீம் உடைவது இந்த இடத்தில்தான். முதல் தடவை உள்ளே போனவர் பாதி எச்பியோடு நிற்கிறார். இரண்டாவது தடவை போனால் சாவார். அப்படியானால் அவர் காகிதத்தில் மட்டுமே தடுப்பு.

கார்விநைட்டுக்கு ரூஸ்ட் உண்டு, பாதி எச்பி திரும்பும். ஸ்லோகிங்குக்கு ஸ்லாக் ஆஃப். அதைவிடப் பெரியது அதன் ரீஜெனரேட்டர் எபிலிட்டி: ஆட்டத்தைவிட்டு வெளியே போகிறபோதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு எச்பி தானாக ஏறும். எச்பிக்கு 252 புள்ளி போட்ட ஸ்லோகிங்கின் மொத்த எச்பி 394. ஒவ்வொரு தடவை வெளியேறும்போதும் 131 இலவசம். தற்காப்பு டீமில் ரீஜெனரேட்டர் உள்ள ஒருவராவது இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். டாக்ஸாபெக்ஸ், அலோமோமோலா இரண்டுக்கும் அதே எபிலிட்டி.

டொண்டோசோவுக்கு ரெஸ்ட். முழு எச்பியும் வரும், விஷமோ தீக்காயமோ இருந்தால் அதுவும் போகும், பதிலுக்கு இரண்டு டர்ன் தூக்கம். தூங்கும்போதும் ஏதாவது செய்ய ஸ்லீப் டாக் கூட வைக்க வேண்டும். டிங்-லூவிடம்தான் நல்ல குணமாக்கும் மூவ் இல்லை. லெஃப்டோவர்ஸ் கையில் கொடுத்தால் டர்னுக்குப் பதினாறில் ஒரு பங்கு, அதன் 514 எச்பியில் 32 வரும். அது போதுமா என்றால், போதாது. டிங்-லூவைச் செலவாகிற ஆளாகத்தான் நினைக்க வேண்டும். எச்பி பெரியது என்பதற்காகக் கண்டதற்கெல்லாம் உள்ளே அனுப்பினால், உண்மையில் தேவைப்படும்போது அது இருக்காது.

ஒன்பதாம் தலைமுறையில் வந்த ஒரு மாற்றத்தைப் பழைய ஆட்டக்காரர்களே சிலசமயம் மறந்துவிடுகிறார்கள். ரூஸ்ட், ரிகவர், ஸ்லாக் ஆஃப், ரெஸ்ட் போன்றவற்றின் பிபி, அதாவது ஒரு மூவை எத்தனை தடவை போடலாம் என்ற கணக்கு, பாதியாகக் குறைந்துவிட்டது. உச்சத்துக்கு ஏற்றினாலும் ஒரு ஆட்டத்துக்கு எட்டுத் தடவைதான். ஆகவே கொஞ்சம் அடி பட்டதும் ரூஸ்ட், கொஞ்சம் அடி பட்டதும் ரூஸ்ட் என்று வீணாக்காதீர்கள். எதிராளிக்கும் அதே எட்டுதான் என்பதையும் மறக்காதீர்கள். கார்விநைட்டுக்குப் பிரெஷர் எபிலிட்டி கொடுத்தால், அதன்மேல் குறிவைத்து ஒருவர் மூவ் போடும்போது பிபி இரண்டிரண்டாகக் கரையும். நீண்ட ஆட்டத்தில் எதிராளியின் முக்கியமான அடியே தீர்ந்துபோகும்.

தரையில் கிடப்பவை

ஸ்விட்ச் செய்வதே நம் ஆட்டம். ஸ்விட்ச் செய்கிறபோதெல்லாம் அடி விழவைப்பவை ஹசார்டுகள். அதனால் தற்காப்பு டீமுக்கு எதிராளியின் ஹசார்டைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஸ்டெல்த் ராக் உள்ளே வருபவரின் எச்பியில் எட்டில் ஒரு பங்கைப் பிடுங்கும். ராக் டைப்புக்குப் பலவீனமானவர் என்றால் கால்வாசி, இரட்டைப் பலவீனம் என்றால் பாதி. ஸ்பைக்ஸை மூன்று அடுக்குவரை போடலாம்: எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று, நான்கில் ஒன்று. மூன்றடுக்கு ஸ்பைக்ஸ் கிடக்கும்போது தரையில் நடப்பவர் ஒருவர் குணமாகாமல் நான்குமுறை உள்ளே வந்தாலே கதை முடிந்தது, யாரும் அடிக்கவே வேண்டாம்.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று ஹெவி-டியூட்டி பூட்ஸ். 2019-ல் வந்த எட்டாம் தலைமுறையில் அறிமுகமான ஐட்டம், போட்டிருப்பவரை ஹசார்ட் தொடாது. நம் டீமில் ஸ்லோகிங்குக்கும் டொண்டோசோவுக்கும் பூட்ஸ் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று சுத்தம் செய்யும் மூவ்: கார்விநைட்டுக்கு டிஃபாக்.

ஆனால் டிஃபாக் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிடும், நாம் போட்டு வைத்ததும் போய்விடும். டிங்-லூ ஸ்டெல்த் ராக்கும் ஸ்பைக்ஸும் போடப்போகிறது. அப்படியிருக்க டிஃபாக் எப்போது? என் பதில்: எதிராளியின் தரையில் கிடப்பது நம் தரையில் கிடப்பதைவிட அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தால் டிஃபாக் போடாதீர்கள். நம் பூட்ஸ்காரர்களின் பூட்ஸ் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நாக் ஆஃப் என்ற மூவ் ஐட்டத்தைத் தட்டிவிடும். ஸ்லோகிங்கின் பூட்ஸ் போய்விட்டால் அப்போது கணக்கு மாறும். அதனால்தான் நாக் ஆஃப் வரும் என்று தெரிந்தால் டிங்-லூவை உள்ளே விடுவது நல்லது. டார்க் அடி அதன்மேல் பாதிதான், போனால் லெஃப்டோவர்ஸ் போகட்டும்.

எதிரே கோல்டெங்கோ இருந்தால் டிஃபாக்கை நம்பவே வேண்டாம். அதன் எபிலிட்டி ஸ்டேட்டஸ் மூவ் (நேரடியாக அடிக்காத மூவ்) எதையும் தன்மேல் ஏறவிடாது, டிஃபாக்கும் அதில் அடக்கம். கோஸ்ட் டைப்பும்கூட என்பதால், ஹசார்டைத் துடைக்கும் இன்னொரு மூவான ராபிட் ஸ்பின்னும் பலிக்காது. முதலில் அதை டிங்-லூவின் எர்த்குவேக்கால் வெளியே துரத்துங்கள். ஏர் பலூன் வைத்திருந்தால் எர்த்குவேக் படாது, ஏதாவது ஒரு அடியால் பலூனை உடைக்க வேண்டும். அது ஃபோகஸ் பிளாஸ்ட்டும் வைத்திருக்கலாம், டிங்-லூவுக்கு வலிக்கும்.

உள்ளே வருபவருக்கு விஷம் ஏற்றும் டாக்ஸிக் ஸ்பைக்ஸ் பற்றி அதிகம் கவலை வேண்டாம். தரையில் நிற்கும் பாய்சன் டைப் உள்ளே வந்தாலே அவை மறைந்துவிடும், பூட்ஸ் போட்டிருந்தாலும்கூட. ஸ்லோகிங்கை ஒருமுறை இறக்கினால் போதும்.

முடிப்பவர்கள்

நான்கு இடம் நிரம்பிவிட்டது. நால்வரும் மெதுவானவர்கள். ஐந்தாவதாக வேகம் வேண்டும், ஆறாவதாக ஆட்டத்தை முடிக்கும் கை வேண்டும்.

வேகத்துக்கு டிராகபல்ட். அடிப்படை வேகம் 142, முழுக்க ஏற்றினால் 421. ஓயூவில் அதை முந்துவது மிகக் குறைவு. இந்த டீமில் அதற்கு நான் கொடுக்கும் செட்: வில்-ஓ-விஸ்ப், ஹெக்ஸ், டிராகோ மீட்டியோர், யூ-டர்ன், கையில் பூட்ஸ். தீக்காயம் பட்டவரின் பிசிக்கல் அடி பாதியாகும், அது நம் சுவர்களுக்கு இன்னொரு கவசம். ஹெக்ஸின் பலம் 65, எதிராளிக்கு ஏதாவது ஸ்டேட்டஸ் இருந்தால் 130. அதாவது டிராகபல்ட் தாங்குகிறவர்களுக்கும் உதவுகிறது, தானும் அடிக்கிறது. இப்படி இரண்டு வேலை பார்க்கும் ஆட்கள்தான் பேலன்ஸ் டீமுக்கு வேண்டும்.

முடிப்பதற்கு கிங்காம்பிட். ஸ்வார்ட்ஸ் டான்ஸ், கௌடவ் கிளீவ், சக்கர் பஞ்ச், ஐயன் ஹெட். சக்கர் பஞ்ச் எதிராளி தாக்கும் மூவ் போடும் டர்னில் முந்திக்கொண்டு விழும். ஆகவே வேகம் 50 என்பது அவ்வளவு தடை இல்லை. நம் பக்கத்தில் விழுந்த ஒவ்வொருவருக்கும் அதன் பலம் பத்து சதவீதம் கூடும். ஸ்பைக்ஸில் நடந்து நடந்து எதிராளியின் ஆட்கள் தேய்ந்தபிறகு, கடைசி மூன்றுபேர் இருக்கும்போது கிங்காம்பிட்டை இறக்குங்கள். அதற்குமுன் அதைக் காட்சிக்குக்கூட வெளியே எடுக்காமல் பாதுகாத்து வைத்தால் நல்லது. ஸ்டீல் டைப் என்பதால் ஐஸையும் டிராகனையும் வாங்க வேண்டிவந்தால் மட்டும் நடுவில் ஒருமுறை வரட்டும்.

செட்டும் எண்ணிக்கையும்

எச்பி, டிஃபென்ஸ், வேகம் போன்ற பண்புகளில் பிரித்துப் போட ஒவ்வொரு போகிமானுக்கும் 510 ஈவி புள்ளி. ஒரு பண்புக்கு 252-க்குமேல் போடமுடியாது. நான்கு புள்ளிக்கு ஒன்று வீதம் கூடும். புதியவர்களுக்கு நான் சொல்வது: தாங்குபவர்களுக்கு முதல் 252-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எச்பியில் போடுங்கள். எச்பி இரண்டு வகை அடிக்கும் உதவும். மிச்சம் 252-ஐ அவர் எந்த வகை அடியை வாங்கப்போகிறாரோ அந்தப் பக்கம்.

கார்விநைட்: மிச்சம் டிஃபென்ஸில், இம்பிஷ் நேச்சர் (நேச்சர் ஒரு பண்பைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும்). ரூஸ்ட், டிஃபாக், யூ-டர்ன், பாடி பிரஸ். பாடி பிரஸ் அட்டாக்கைப் பார்க்காது, டிஃபென்ஸை வைத்தே அடிக்கும், அதனால் தற்காப்புக்குப் போட்ட புள்ளி தாக்குதலுக்கும் ஆகிறது. டொண்டோசோவும் அதேபோல டிஃபென்ஸில்: லிக்விடேஷன், பாடி பிரஸ், ரெஸ்ட், ஸ்லீப் டாக். எதிராளியின் கிங்காம்பிட் வந்து நின்றால் இந்தப் பாடி பிரஸ் நான்குமடங்கு விழும். ஒரு எச்சரிக்கை: கிங்காம்பிட்டின் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஏற்றத்தைத்தான் அன்அவேர் புறக்கணிக்கும். செத்தவர்களுக்காகக் கூடும் அந்தப் பத்துப் பத்து சதவீதம் அப்படியே விழும்.

ஸ்லோகிங்: மிச்சம் ஸ்பெஷல் டிஃபென்ஸில், வேகத்தைக் குறைக்கும் சாஸி நேச்சர். வேகத்தின் ஐவியையும் (பிறவிப் புள்ளியையும்) பூஜ்யமாக்குங்கள். ஏன் வேண்டுமென்றே மெதுவாக்குகிறோம்? சில்லி ரிசெப்ஷன் போட்டு அது வெளியே போகும்போது, எதிராளி முதலில் அடித்து முடித்திருப்பார், அடி ஸ்லோகிங்கோடு போய்விடும். பிறகு உள்ளே வரும் டிராகபல்ட்டோ கிங்காம்பிட்டோ கீறல் இல்லாமல் வந்து நிற்கும். தாக்கும் ஆட்களைப் பத்திரமாக இறக்குவதற்கு இதைவிட நல்ல வழி இந்த டீமில் இல்லை. மற்ற மூவ்கள்: ஸ்லாக் ஆஃப், ஸ்லட்ஜ் பாம், தண்டர் வேவ். தண்டர் வேவ் பட்டவர் மேலும் டிராகபல்ட்டின் ஹெக்ஸ் இரட்டிப்பாகும். ஃபியூச்சர் சைட் வைப்பதும் உண்டு. இரண்டு டர்ன் கழித்து விழும் அடி என்பதால் பழகியபிறகு வையுங்கள்.

டிங்-லூ: ஸ்பெஷல் டிஃபென்ஸ், கேர்ஃபுல் நேச்சர், ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ், எர்த்குவேக், வேர்ல்விண்ட். வேர்ல்விண்ட் எதிராளியை வெளியே தள்ளி வேறொருவரை இழுத்து வரும். அவர் சேர்த்த ஏற்றமெல்லாம் போகும், வருகிறவர் ஸ்பைக்ஸ் மேல் கால் வைப்பார். காம் மைண்ட் போட்டு ஸ்பெஷலாக ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு டொண்டோசோ பதில் ஆகாது. அங்கே இந்த வேர்ல்விண்ட்தான் பதில்.

ஓட்டைகளைத் தேடுதல்

டீம் எழுதியாயிற்று என்று உடனே லேடருக்கு (தரவரிசை ஆட்டங்களுக்கு) ஓடாதீர்கள். ஓயூவில் அதிகம் வரும் இருபது, இருபத்தைந்து போகிமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது என்னென்ன மூவ் வைத்திருக்கும் என்று பார்த்து, யார் உள்ளே போவார் என்று எழுதுங்கள். டைப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

கியூரமை எடுத்துக்கொள்ளுங்கள். டிராகன், ஐஸ். ஐஸுக்கு டொண்டோசோ இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கியூரமிடம் ஃபிரீஸ்-டிரை இருக்கும். அது ஐஸ் டைப் மூவ்தான், இருந்தும் வாட்டர் டைப் மேல் இரட்டிப்பாக விழும். டொண்டோசோவின் மெலிந்த ஸ்பெஷல் டிஃபென்ஸில் அது விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கியூரமுக்கு நம் உண்மையான பதில் கிங்காம்பிட், எர்த் பவர் வராதவரை.

ஓகர்பான் இன்னும் தொல்லை, அதுவும் நீர் முகமூடி அணிந்தது. வாட்டர், கிராஸ் இரண்டு டைப் அடியும் அதனிடம் உண்டு. டொண்டோசோ கிராஸுக்கு விழும். டிங்-லூ இரண்டுக்கும் விழும். கார்விநைட்டும் ஸ்லோகிங்கும் கிராஸைத் தாங்கும், வாட்டர் முழுதாக விழும். இரண்டையும் பாதியாக வாங்குவது டிராகபல்ட் மட்டும், அதன் உடம்போ மெலிது. இந்த டீமின் உண்மையான ஓட்டை இதுதான். ஓட்டையே இல்லாத டீம் கிடையாது, ஆனால் எது என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். எதிராளியின் ஆறில் ஓகர்பான் தெரிந்தால், டிராகபல்ட்டை அதற்காகப் பத்திரப்படுத்தி, ஓகர்பான் உள்ளே வரும் முதல் வாய்ப்பிலேயே தீக்காயம் கொடுத்துவிடுங்கள். ஷோடவுனிலேயே டேமேஜ் கால்குலேட்டர் இருக்கிறது. ஒரே அடி 85 முதல் 100 சதவீதம்வரை பதினாறு அளவுகளில் விழக்கூடும் என்பதால், "இரண்டு அடி தாங்குமா" என்பதை ஊகிக்காமல் அதில் போட்டுப் பாருங்கள்.

டெராஸ்டலையும் இதோடு யோசிக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒருமுறை ஒருவரின் டைப்பை மாற்றலாம். எதிராளியும் மாற்றுவார், அப்போது நம் பதில் பதிலாக இல்லாமல் போகலாம். பெரிய ஆபத்துகளுக்கு ஒருவரை மட்டும் நம்பாமல் இரண்டாவதாக ஒரு பெயரும் எழுதச் சொல்வது அதற்காகத்தான். நம் பக்கம் கிங்காம்பிட்டுக்கு ஃப்ளையிங் டெரா வையுங்கள். நான்குமடங்கு வலித்த ஃபைட்டிங் பாதியாகிவிடும், கிரவுண்ட் தொடவே தொடாது. டிங்-லூவுக்குப் பாய்சன் டெரா நல்லது. ஃபைட்டிங், ஃபேரி, பக், கிராஸ் நான்கும் ஒரே நொடியில் பலவீனத்திலிருந்து பலமாக மாறும். யாருக்குப் போடுவது என்பதை ஆட்டத்தில் முடிவுசெய்யுங்கள். முதல் பத்து டர்னுக்குள் டெரா போட வேண்டிய கட்டாயம் இந்த டீமுக்கு அநேகமாக வராது.

ஆடும்போது

ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் ஆறும் தெரியும். அந்த நேரத்தில் மூன்று விஷயம் பாருங்கள். என் சுவரை உடைக்கக்கூடியவர் யார்? அவருக்கு நான் யாரை உயிரோடு வைத்திருக்க வேண்டும்? கிங்காம்பிட் கடைசியில் ஓடுவதற்கு அவர் பக்கத்தில் யார் முதலில் தேய வேண்டும்? இதற்குப் பதில் கிடைத்தால் ஆட்டத்தின் பாதை கிடைத்துவிட்டது.

முதலில் டிங்-லூவையோ கார்விநைட்டையோ அனுப்புங்கள். ஸ்டெல்த் ராக் சீக்கிரம் விழட்டும். புதியவர்கள் எதிராளியின் மனதைப் படித்து அதிரடி ஸ்விட்ச் செய்ய ஆசைப்படுவார்கள். இந்த வகை டீமுக்கு அது தேவையே இல்லை. எந்த ஆளை அனுப்பினால் எதிராளியின் இரண்டு வாய்ப்பான மூவ்களிலும் நமக்குப் பெரிய சேதம் வராதோ அவரை அனுப்புங்கள். தப்பு ஊகத்தால் டொண்டோசோவை இழந்தால், எதிராளியின் ஸ்வார்ட்ஸ் டான்ஸ்காரர் மிச்ச ஐந்து பேரையும் கொண்டுபோவார்.

எதிராளி உங்கள் ஸ்லோகிங் முன்னால் ஆளை மாற்றுவார் என்று உறுதியாகத் தெரிந்த டர்னில், அடிப்பதைவிட ஸ்லாக் ஆஃப் போடுவதோ சில்லி ரிசெப்ஷனில் வெளியே வருவதோ லாபம். அதே மாதிரி டிங்-லூ முன்னால் ஒருவர் பயந்து ஓடும் ஒவ்வொரு டர்னும் ஒரு அடுக்கு ஸ்பைக்ஸ். இப்படிச் சேரும் சின்னச் சின்ன லாபங்கள்தான் முப்பதாவது டர்னில் வெற்றியாக வரும். டைமரைக் கவனியுங்கள், நீண்ட ஆட்டத்தில் யோசித்துக்கொண்டே இருந்து நேரத்தில் தோற்பவர்கள் உண்டு.

லேடரில் எல்லோரும் 1000 புள்ளியில் தொடங்குவார்கள். கீழ்மட்டத்தில் தாறுமாறான செட்டுகள் வரும். அவற்றைப் பார்த்து டீமை மாற்றாதீர்கள். தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைச் சேமித்து, எந்த டர்னில் யாரைத் தேவையில்லாமல் செலவழித்தீர்கள் என்று பாருங்கள். அது டீமின் குறையா, உங்கள் ஸ்விட்ச்சின் குறையா என்பது அப்போதுதான் தெரியும்.

டீமின் குறைதான் என்று தெரிந்தால் ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்றுங்கள். டிங்-லூ சீக்கிரம் செத்துவிடுகிறது என்றால் டொண்டோசோ இடத்தில் அலோமோமோலாவை வைத்துப் பார்க்கலாம். அதன் எச்பி 534 வரை போகும். விஷ் போட்டுவிட்டு வெளியே வந்தால் உள்ளே வருபவருக்கு 267 எச்பி கிடைக்கும், டிங்-லூவுக்குப் பாதிக்குமேல். ஆனால் அன்அவேர் பூட்டு போய்விடும், ஸ்வார்ட்ஸ் டான்ஸ்காரர்களுக்கு வேர்ல்விண்டும் தீக்காயமும்தான் மிஞ்சும். எதிராளிகள் உங்கள் ஸ்பைக்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தால் டிராகபல்ட்டுக்குப் பதில் கோல்டெங்கோ. வேகத்துக்காக அதன் கையில் சாய்ஸ் ஸ்கார்ஃப். அப்போது கார்விநைட்டிடமிருந்து டிஃபாக்கை எடுத்துவிட்டு பிரேவ் பேர்டை வைக்கலாம், நம் ஸ்பைக்ஸை நாமே துடைக்க வேண்டியிராது. ஓகர்பானுக்கு இருந்த ஒரே பதிலும் அதோடு போகிறது என்பதால், அந்த மாற்றத்தைச் செய்கிற அன்றே கால்குலேட்டரைத் திறந்து ஓகர்பானின் இரண்டு அடியையும் எதிர்த்து ஸ்லோகிங்குக்கு கிராஸ் டெரா கொடுத்தால் எத்தனை தடவை தாங்கும் என்று போட்டுப் பாருங்கள்.